கண் டாக்டரின் பாஸ்வேர்டு

ஜனவரி 6

அன்புள்ள நாத்தனார் திருடிக்கு,

நானும் உன் அண்ணனும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை. மாடிப்படி ஏறும்போது முனகுவது முழங்காலா அவரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டரைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடுகிறதா?

போனில் நீ பேசுவதெல்லாம் உன் அண்ணனோடுதான். எனக்குக் கிடைப்பது கடைசி அரை நிமிஷம். மெயில் அனுப்பலாமென்றால், அது திறந்த வீடு, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்ப்பார்கள் என்று நீதான் பயமுறுத்திவிட்டுப் போனாய். அதனால் பத்துத் தபால்தலை வாங்கி வைத்துவிட்டேன். நீ பதில் போடாவிட்டால் மிச்சத்தை உன் நெற்றியில் ஒட்டுவேன்.

முக்கியமான செய்தி ஒன்று. ஆஸ்பத்திரியில் எங்கள் ஆவணப் பிரிவுத் தலைவர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பெயர் அடிபடுகிறது. ஒன்று நான். இன்னொன்று மருந்துப் பிரிவில் இருக்கும் ஒருவர். குனிந்து ஒரு பேப்பரைக்கூடப் பொறுக்க மாட்டார், அதனால் அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தொன்பது வருஷமாக நான் இந்த அடித்தளத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். தலைவரின் அறை முதல் மாடியில். அதற்கு ஜன்னல் உண்டு. எனக்கு அந்தப் பதவி வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

டாக்டர்கள் எல்லாரும் என் பக்கம்தான். புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. மாதாமாதம் அவர்கள் மறக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி இழுப்பறையில் வைத்திருக்கிறேன். கண் டாக்டர் என்னை 'ஏய் நோட்டு' என்றுதான் கூப்பிடுகிறார்.

பக்கத்து வீட்டம்மா உனக்கு என்ன வேலை என்று கேட்டார். கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடுவாள், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றேன். அன்றிலிருந்து அவர் பட்டப்பகலில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். சரியாக என்ன சொல்ல வேண்டும் என்று எழுது.

உன் அண்ணி

*

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், அதில் ஒரு வேளை உட்கார்ந்தும் சாப்பிடுகிறேன். அண்ணனைத் தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். நடந்தேன் என்று அவன் சொன்னால் செருப்பைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். பூட்டு வாங்கியவர்கள், அது நிஜமாகவே பூட்டுகிறதா என்று பார்க்க எங்களைக் கூப்பிடுகிறார்கள். கம்ப்யூட்டர், கதவு, காவலாளி, போன் எடுக்கிறவர் என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று எழுதிக் கொடுப்போம். போன மாதம் ஓர் அலுவலகத்துக்கு நான் தோளில் ஏணியோடு போனேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு பேர் கதவைத் திறந்து பிடித்தார்கள், ஒருவர் 'பாத்து, தலையில இடிச்சுக்காதீங்க' என்றார். நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கே போய்விட்டேன். பிறகு ரிப்போர்ட்டில் அந்த நல்ல மனுஷனைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. எனக்கு இந்த வேலையில் பிடிக்காத பகுதி அதுதான். பாதி இடங்களில் ஓட்டை என்று நாங்கள் எழுதுவது யாரோ ஒருவரின் நல்ல குணத்தை.

எந்த இடத்தைச் சோதிக்கப் போகிறோம் என்று வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது. விட்டால் வேலை போய்விடும். அந்த இடத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், எங்கள் மேனேஜர் அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்தச் சோதனையிலிருந்து ஒதுங்கிவிட வேண்டும். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை தும்மினார், அவ்வளவுதான்.

அண்ணி, விளையாட்டில்லை. அந்த நோட்டைக் கொளுத்திவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 2

அன்புள்ள திருடிக்கு,

எல்லாரும் சுகம். உன் அண்ணனின் செருப்பைப் பார்த்தேன். தூசிகூடப் படியவில்லை.

நோட்டைக் கொளுத்த மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், லீவு முடிந்து வந்த எலும்பு டாக்டருக்குப் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. கம்ப்யூட்டர் பிரிவில் போனை எடுக்க ஆளில்லை. கை முறிந்த ஒரு சின்னப் பெண் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவளுடைய எக்ஸ்ரே அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது, யாராலும் திறக்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த நோட்டை வாங்கினேன். இது ஓட்டை என்றால் ஓட்டையாகவே இருக்கட்டும்.

ஆனால் பாஸ்வேர்டு போடுவதில் நான் கெட்டிக்காரி. என்னுடையதை எழுதுகிறேன், பத்துக்கு எத்தனை மார்க் என்று சொல். குண்டுசெருப்பு6! உன் அண்ணன் எனக்கு முதன்முதலில் செருப்பு வாங்கித் தந்த கடையின் முதலாளி குண்டாக இருப்பார், என் அளவு ஆறு. கடைசியில் இருக்கும் ஆச்சரியக்குறி கம்ப்யூட்டர் கேட்டது, எனக்கொன்றும் ஆச்சரியமில்லை.

மார்க்கோடு உடனே பதில் போடு.

உன் அண்ணி

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். கடிதம் கிடைத்தது.

வேலை அதிகம். இனி எழுதும்போது ஆஸ்பத்திரியைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள். பதில் வரத் தாமதமானால் கோபிக்காதீர்கள்.

அண்ணனின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நாத்தனார்

*

மார்ச் 4

மதிப்புக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

இங்கு நாங்கள் நலம். அங்கு தாங்கள் நலமாகவும் ரொம்ப வேலையாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

மார்க் கேட்டேன், மார்க் இல்லை. ஒரு பக்கம் எழுதினேன், ஒன்பது வரி வந்தது. 'நாத்தனாரை நம்பாதேடி' என்று கல்யாணத்தன்று என் அம்மா காதோடு சொன்னபோது, என் நாத்தனார் அப்படியில்லை என்று அவரோடு சண்டை போட்டவள் நான். இப்போது அந்த அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதக்கூடாது என்பது உத்தரவு. சரி. வீட்டில் ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். சுருங்கிவிட்டன. இப்போது தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் கால் மட்டும் தெரிகிறது. உன் அண்ணன் முழங்காலுக்கென்று உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிள் ஒன்று வாங்கினார். இரண்டு நாள் மிதித்தார். மூன்றாம் நாளிலிருந்து அதில் சட்டை காய்கிறது. நான் எழுதக்கூடிய உலகம் இவ்வளவுதான்.

அண்ணி

*

ஏப்ரல் 6

நாத்தனாருக்கு,

நலமா? இந்தக் கேள்வியை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. போனிலும் அண்ணனிடம் 'சாப்டியா' என்பதோடு வைத்துவிடுகிறாயாம். குரல் கம்மியிருக்கிறது என்கிறார்.

எழுதக்கூடாத இடத்தில், எழுதக்கூடாத ஒரு பதவிக்கு நேர்முகம் நடந்தது. நன்றாகவே பதில் சொன்னேன். முடிவு தெரிய ஒரு மாதம் ஆகும்.

உன்மேல் கோபம் இருக்கிறது. கவலை அதைவிட ஒரு பிடி அதிகமாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

மே 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். இனி ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியைப் பற்றி உங்கள் கம்பெனியே அறுபது பக்கம் எழுதிவிட்டது. அட்டையில் உங்கள் முத்திரையைப் பார்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் நடுவில் ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைச் சோதிக்க வந்ததாகச் சொல்லி உள்ளே வந்தார். மேலே மூன்று மாடியிலும் அவருக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார்கள், பேச்சோடு பேச்சாக என் நோட்டின் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்து, வாசல் காவலாளிக்குப் போன் போட்டேன். பட்டியலில் அப்படி யாரும் இல்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். கெட்டிக்காரிதான் நான்.

இரண்டு நாள் கழித்து ஒரு போன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பேசுகிறேன், ஒரு பிள்ளையின் கண்ணில் கண்ணாடித் துண்டு ஏறிவிட்டது, கண் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார், பழைய ஸ்கேன் உடனே வேண்டும், அந்த அம்மாவிடம் பாஸ்வேர்டு கேள் என்றார் என்று ஒரு குரல். நோட்டைத் திறந்து படித்துவிட்டேன். பிள்ளையும் இல்லை, கண்ணாடியும் இல்லை என்று இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி, கம்ப்யூட்டர் பிரிவுக்காரர், தலைமை டாக்டர். எதைப் பார்த்துப் படித்தீர்கள் என்று கேட்டார்கள். நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். தலைமை டாக்டர் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் அவருடைய பாஸ்வேர்டே இருந்தது. மெதுவாக மூடி வைத்துவிட்டார்.

'இது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?' என்றார் நிர்வாகி.

'கண்ணுல கண்ணாடியோட ஒரு பிள்ளை உக்காந்திருக்குன்னு சொன்னா நாளைக்கும் படிப்பேன் சார்,' என்றேன். 'ராத்திரி பகல் எந்நேரமும் போன் எடுக்க ஒரு ஆளப் போடுங்க. போட்டுட்டு அப்புறம் என்னத் திட்டுங்க.'

வேலைக்கு ஆபத்தில்லை. பதவி ஸ்கேலுக்குப் போய்விட்டது. அவர் முதுகுக்கு அந்த நாற்காலி பொருத்தமாகத்தான் இருக்கும்.

இனியாவது என்னோடு பேசுவாயா?

உன் அண்ணி

*

மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலமென்று எழுதக் கை வரவில்லை. உங்களுடைய மூன்று கடிதங்களையும் இன்றுதான் படித்தேன். மார்ச்சில் எழுதியதையும் இன்றுதான்.

பிப்ரவரியில் புது வேலைகளின் பட்டியல் வந்தது. அதில் உங்கள் ஆஸ்பத்திரி. நேரே மேனேஜர் அம்மாவிடம் போனேன். 'என் அண்ணி அங்க வேலை பாக்கறாங்க. அவங்க பாஸ்வேர்டு என் கைப்பையில இருக்கு' என்றேன். அவர் கையை நீட்டினார். குண்டுசெருப்பை உறைக்குள் போட்டு, முத்திரை வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டினார். ரிப்போர்ட் முடியும்வரை உங்களிடமிருந்து என்ன வந்தாலும் பிரிக்காமல் தன்னிடம் தர வேண்டும் என்றார். அண்ணனிடம் பேசினாலும் ஏதாவது உளறிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. மேலுறையில் உங்கள் கையெழுத்தைப் பார்ப்பேன், கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். நீங்கள் திட்டியிருப்பீர்கள் என்று தெரியும். அந்தத் திட்டையாவது படிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று இருக்கும்.

போன் செய்தவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். நீங்கள் என் அண்ணி என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பேச்சுவாக்கில் சொன்னார். 'ஒரு அம்மா கிட்ட பேசினேன். நாப்பது செகண்டுல படிச்சுட்டாங்க. போனை வெக்கிறதுக்கு முன்னால, பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு அப்புறம் ஒரு வார்த்தை சொல்லுங்கன்னாங்க. எனக்கு சாப்பாடு இறங்கல.' எனக்கும் இறங்கவில்லை. இடமும் பெயரும் அவர் சொல்லவில்லை. எனக்குத் தேவைப்படவும் இல்லை.

இது அந்த ஊழியரின் குற்றமில்லை, ஆஸ்பத்திரி ஏற்பாட்டின் குற்றம் என்று மேனேஜர் அம்மா ரிப்போர்ட்டில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் பதவி போய்விட்டதே. எவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு, நோட்டை ஒளித்து வையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது இன்று உங்களுடையது. சொல்லவில்லை, அண்ணி. மூன்று மாதம் ஒரு வார்த்தைகூட வெளியே விடவில்லை. அதற்குப் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. இப்போதைக்கு அழுதுகொண்டிருக்கிறேன்.

என்னை மன்னிப்பீர்களா?

உங்கள் நாத்தனார்

*

மே 27

என் அருமைத் திருடிக்கு,

நலம், நலம், நலம். உன் அண்ணனின் முழங்காலும் நலம். முதலில் கண்ணைத் துடை.

ஒரு வார்த்தைகூட வெளியே விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உன் அண்ணன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார். அடி அசடே, நீ எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டாய். சொந்தக்காரர் இருக்கும் இடமென்றால் ஒதுங்கிவிட வேண்டும், மூச்சு விடக்கூடாது என்று ஜனவரியில் எழுதினாய். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதாதீர்கள், ஏன் என்று கேட்காதீர்கள் என்று பிப்ரவரியில் எழுதினாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை. நீங்கள் வரப் போகிறீர்கள் என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இழுப்பறை வரைக்கும் கை போனது. நோட்டைக் கிழித்துப் போட எத்தனை நேரம் ஆகும்? கிழித்திருந்தால் அந்த ஜன்னலும் எனக்குத்தான். அப்புறம் யோசித்தேன். மூன்று வருஷமாக ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த நோட்டு, சோதனைக்கு முன்னால் மாயமாக மறைந்தால் என்ன கேட்பார்கள்? இவளுடைய நாத்தனார் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறாள் என்றுதான் முதல் கேள்வி வரும். நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் எவன் நம்புவான்? இழுப்பறையை மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

மார்ச் கடிதத்தில் நான் போட்ட சண்டை உனக்காக எழுதியதில்லை. உன் மேனேஜர் படித்தால், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நினைக்க வேண்டும் அல்லவா? என் அம்மா அப்படி எதுவும் காதில் சொல்லவில்லை, பாவம். ஏப்ரலில் எழுதிய கவலை மட்டும் நிஜம்.

அந்தப் போன் வந்தபோதும், பத்தில் ஒன்பது பங்கு உங்கள் ஆள்தான் என்று தெரிந்தது. கண் டாக்டராவது, 'அந்த அம்மாவிடம் கேள்' என்று மரியாதையாகச் சொல்வதாவது. ஆனால் மிச்சம் ஒரு பங்கு இருந்ததே. அதில் ஒரு பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படித்துவிட்டேன். உன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல், பிள்ளை இல்லை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பதவி போனது வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. அதையா உன்னையா என்று வந்தபோது நான் ஒரு நிமிஷம்கூடத் தடுமாறவில்லை. அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

இதை உன் மேனேஜரிடம் போய் ஒப்பித்துவிடாதே. படித்ததும் கிழித்துப் போடு.

உன் அண்ணி

*

ஜூன் 3

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாசற்படியில் நின்றபடியே படித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாடி வீட்டுக்காரர் என்னைத் தாண்டித்தான் போனார்.

கிழிக்கவில்லை. மேனேஜர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபிக்காதீர்கள், என் வேலையே ஓட்டை இருந்தால் ஒளிக்காமல் சொல்வதுதான். அவர் இரண்டு முறை படித்தார். 'ஓட்டைய அங்க தேடினோம், இங்கயே இருந்திருக்கு' என்றார். இனிமேல் ஒதுங்குகிறவர்கள் எப்போதும்போல ஊர்க்கதை எழுதிக்கொண்டிருக்க வேண்டும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளக்கூடாது என்று அன்றே விதியை மாற்றிவிட்டார். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. உங்கள் ஆஸ்பத்திரிக்கும் நடந்தது முழுவதையும் எழுதப் போகிறாராம். அதனால் அவர்கள் எதையாவது மாற்றுவார்களா என்று தெரியாது, நம்பி இருக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

ஏழு வருஷத்தில் என்னால் திறக்க முடியாத பூட்டு இல்லை என்று திமிராகத் திரிந்துகொண்டிருந்தேன். நீங்கள் மூன்று மாதம் இவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டு, திரை சுருங்கிப்போன கதையை எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் துளிகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உங்கள் மடியில் தலைவைத்து அழ வேண்டும். அண்ணனை எங்காவது நடக்க அனுப்பிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்